மெஷின்காரி இடம் மாறிய மத்தியானம்

தையல் மெஷின் பழுது பார்ப்பவளுக்குத் தெரு வைத்த பெயர் மெஷின்காரி. நூல் அறுகிறது, தையல் விட்டுப்போகிறது என்று யார் வீடியோ அனுப்பினாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவாள். பெரிய கம்பெனி ஒன்றின் சமூக வலைத்தளத்தில் பதினொரு வருடம் அப்படிப் பதில் எழுதினாள். ஒருநாள் காலையில் பார்த்தால் அவள் பக்கத்தையே காணோம். ‘விதிமீறல்’ என்று ஒரு வரி. எந்த விதி என்று ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் அதே வரி வந்தது. அவளைத் தொடர்ந்த ஒன்பதாயிரம் பேரில் ஒருத்தர் விலாசம்கூட அவளிடம் இல்லை.

“ஒரே முதலாளி இல்லாத தளம் ஒண்ணு இருக்கு அண்ணி,” என்றாள் செல்போன் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார். “ஆளாளுக்கு சொந்தமா கம்ப்யூட்டர் வெச்சு, சர்வர்னு தனித்தனியா நடத்துறாங்க. எதுல சேர்ந்தாலும் எல்லார்கிட்டயும் பேசலாம்.”

“கழுத்தறுக்க ஒருத்தனுக்குப் பதிலா நூறு பேரா?”

திட்டிக்கொண்டேதான் சேர்ந்தாள். தையல்காரர்களுக்காக ஒரு மோட்டார் வியாபாரி நடத்திய சர்வர் அது. ஆறு மாதத்தில் ஆயிரத்து நானூறு பேர் அவளைத் தொடர்ந்தார்கள். அப்புறம் அந்த வியாபாரி விற்ற புது மோட்டார்கள் மூன்று, கருகிப்போய் அவள் மேஜைக்கு வந்தன. ஒன்றைப் பிரித்து, உள்ளே எரிந்துபோன கம்பிச்சுருளான காயிலைப் படம் எடுத்துப் போட்டாள். ஒரு மணி நேரத்தில் பதிவு மாயம். உடனே போன் போட்டாள்.

“என் பதிவை எதுக்குத் தூக்கினீங்க?”

“என் சர்வர்மா. என் சரக்கையே கரிச்சுக் கொட்டுவே, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? பிடிக்கலைன்னா நடையைக் கட்டு.”

கோபம் நாத்தனார் மேல் திரும்பியது. “நீ சொன்ன தளத்தோட லட்சணம் இதுதானா?”

நாத்தனாரும் சளைத்தவள் இல்லை. “போன்னு சொல்றான்ல, போங்களேன்! அந்தக் கம்பெனியில போக வழி இருந்துச்சா? இங்க இருக்கு. உங்க ஆளுங்களையும் கூட்டிட்டே போகலாம்.”

வேறொரு ஊரில் சில ஆசிரியர்கள் நடத்தும் சர்வரில் மெஷின்காரி கணக்குத் தொடங்கினாள். பழைய கணக்கில் ‘இடம் மாற்று’ என்பதை அழுத்திவிட்டு, எண்ணெய்க் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். புதுக் கணக்கில் பன்னிரண்டு பேர். நாற்பது. முந்நூறு. சாயங்காலத்துக்குள் ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. எழுதிய பதில்களெல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன, அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த வியாபாரியிடம் இருந்தது வெறும் இடம்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கருகிய காயில் படத்தை முதல் வேலையாகத் திரும்பப் போட்டாள்.

மறுவாரம் வியாபாரியே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. “உங்க பின்னாடியே நாப்பது பேர் என் சர்வரை விட்டே கணக்கை மாத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. திரும்பி வாங்க. என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க.”

“முதல்ல ஒழுங்கான மோட்டாரா வில்லுங்க.” போனை வைத்தாள்.

புது இடத்துக்காரர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. ‘என் பதிவுல கை வெச்சா, சொல்லாம கிளம்பிடுவேன்’ என்று எழுதினாள்.

‘தெரியும். அந்தப் பயம் எங்களுக்கு இருக்கு’ என்று பதில் வந்தது.

அதையும் அவள் நம்பவில்லை. எழுதுவதையெல்லாம் வாராவாரம் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்கிறாள்.