மடியில் வைத்த வில்

வாளையார் சோதனைச் சாவடியில் எனக்குத் தெரியாத விதி கிடையாது என்று பேர் வாங்கியிருந்தேன். எந்த லாரி எந்தக் காகிதத்தோடு உள்ளே வரலாம், எது கோயம்புத்தூருக்கே திரும்ப வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தப் பெருமை வீட்டில் செல்லுபடியாகவில்லை. என் மனைவி வயலின் வாசிப்பவள்.

சாவடிக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். ஒரு பக்கம் லாரி ஹாரன், மறு பக்கம் ரோட்டுத் தூசி. தினமும் காலையில் வயலினைத் துடைத்த பிறகுதான் வில்லைத் தொடுவாள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் இதில் எப்படி வந்து மாட்டினாள் என்பது யாருக்கும் விளங்கியதில்லை. இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, சுற்றுவட்டாரக் கோயில்களில் உள்ளூர்ப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், பாலக்காட்டுத் தேர்த் திருவிழாவுக்கு மெட்ராஸிலிருந்து பெரிய பாடகர் ஒருவர் வந்தார். அவருடைய வழக்கமான வயலின்காரருக்குக் காய்ச்சல். கமிட்டிக்காரர்கள் இவளைக் கூப்பிட்டார்கள். பெண் வயலினா என்று முகம் சுளிக்கும் வித்வான்கள் நிறைந்திருந்த காலம், இவர் சம்மதித்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் மார்கழிக் கச்சேரிகளுக்கு மெட்ராஸ் போகலாம். பிடிக்காவிட்டால் வாளையாரும் தூசியும்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் உப்பு இல்லை.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பாடகர் ஒரு ராகத்தை விரித்துப் பாடுவார். அவர் முடித்ததும் அதே ராகத்தை வயலின் தனியாக வாசிக்கும். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்தத் தனி நேரம் வயலின்காரரின் உரிமை. அதைக் கொடுக்காமல் தாண்டிப் போவது அவமானம்.

முதல் ராகம் முறைப்படி நடந்தது. அவள் வாசித்ததற்குப் பலத்த கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு பாடகர் தோடி ராகத்தை எடுத்து நெடுநேரம் பாடினார். விஷயம் தெரிந்தவர்கள் செய்வதுபோல நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தோடி முடிந்தது. வயலின் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது பாடகர் பாட்டையே ஆரம்பித்திருந்தார்.

"ஏனுங் மாப்பிள்ளை, கடலை பறிக்கிற ஆளுகள உட்டுப்போட்டு வந்திருக்கறன். இவ சும்மா உக்காந்திருக்கறா. அந்தாளு ஏமாத்திப்போட்டானா?"

"நான் பேசிக்கறனுங்க மாமா."

பேசினேன். கச்சேரிக்குப் பின் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. பாடகருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"முறைப்படி பார்த்தா, தோடியில அவளுக்கு உண்டானதை நீங்க குடுக்கலீங்க."

"நன்னாருக்கே! நான் திரும்பிப் பார்த்துண்டே இருந்தேன். அவ வில்லை மடியில வச்சுண்டு தலையை ஆட்டிட்டா. நான் என்ன பண்றது? அவளையே கேளுங்கோ. எனக்கும் தெரிஞ்சாகணும்."

அவள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரடை வழுக்கிருச்சுங்க" என்றாள். தந்தியை முறுக்கி ஸ்ருதி சேர்க்கும் ஆணி அது.

"ஸ்ருதி சுத்தமா இருந்ததேம்மா."

"அப்ப, முடிஞ்சிருச்சுங்க. அதான்."

"எது?"

"ராகம்."

பாடகர் அவளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு மோர் கேட்டார். கை கழுவும் இடத்தில் மாமனார் விசாரித்தபோது "கை வேர்த்துருச்சுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறாள். ஒரே சம்பவத்துக்கு மூன்று வாக்குமூலம். என் சாவடியாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டியிருப்பேன்.

காரில் ஏறும்போது பாடகர் சொன்னார்: "மார்கழிக்கு மெட்ராஸ் வந்துடும்மா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசித்ததற்காகக் கூப்பிட்டாரா, வாசிக்காமல் விட்டதற்காகவா? பஸ்ஸில் கேட்டேன்.

"ஏ புள்ள, அவரு கூப்பிடாம போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வாளையார்லயே இருந்திருப்பனுங்க. எந்திரிங்க, ஸ்டாப் வந்திருச்சு."

அதன்பிறகு பல வருடம் அவருக்கு வாசித்தாள். ஒவ்வொரு கச்சேரியிலும் பெரிய ராகத்தை முடித்ததும் அவர் அவள் பக்கம் திரும்பிக் காத்திருப்பார். எந்த வித்வானும் எந்தப் பக்கவாத்தியத்துக்கும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் வில் உயரும். சில நாள் மடியிலேயே இருக்கும். சாவடியில் தடுப்பு உயர்ந்தாலும் உயராவிட்டாலும் என்னால் காரணம் சொல்ல முடியும். இதில் ஒரு தடவைகூட முடிந்ததில்லை. உயரும் என்று நான் நினைத்த நாள்களில் உயராது.

ஒருமுறை மெட்ராஸ் சபாவில் அப்படி உயராத நாள். பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாத்தீங்களா சார், அந்தம்மாவுக்கு சான்ஸே குடுக்கல. பொம்பளைன்னா இவங்களுக்கு அவ்வளவுதான்."

"இல்லீங்க, அவங்களேதான்..." என்று ஆரம்பித்தேன். ஏன் என்று அவர் அடுத்ததாகக் கேட்பார். மேடையில் அவள் வில்லை மடியில் கிடத்திவிட்டு, பாடகர் பாடுவதைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.