வெளியே யாராவது இருக்கிறார்களா?

காலை ஷிப்டு மாறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. டாக்டர் மங்கையர்க்கரசி தூக்கத்திலேயே போய்விட்டார். நெய்வேலி நகரியத்தை ஒட்டிய எங்கள் சின்ன மருத்துவமனையில் அவருடன் நெடுங்காலம் நர்ஸாக இருந்தவள் நான். அவர் கண்டிப்பானவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்டிப்பு எங்கே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது.

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்துபோனவர் சேகர். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஈசிஜியைப் பார்த்த டாக்டர், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளைக் கொடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு சேகர் சிரித்தபடி திரும்பி வந்து நின்றார்.

"இந்த ரெண்டு மாத்திரைதான் ஸ்டென்ட்டுல ரத்தம் கட்டாம பாத்துக்குது. நீங்களா நிறுத்திடாதீங்க. எங்கயாச்சும் ரத்தம் வந்தா எங்கிட்ட வாங்க" என்றார் டாக்டர்.

சில மாதங்களில் ஈறில் ரத்தம் கசிந்தது. சொன்னபடியே கணவனும் மனைவியும் வந்தார்கள். டாக்டர் அன்று நெல்லிக்குப்பத்தில் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தார். நானும் லீவு. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் பக்கத்திலிருந்த யாரோ, "மாத்திரைய நிறுத்துங்க, தானா நின்னுடும்" என்றிருக்கிறார். எழுந்து போய்விட்டார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள்; ரத்தமும் நின்றது. அடுத்த வாரம் சேகரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

அவர் மனைவி பரிமளா அழவில்லை. "ரத்தம் வந்தா எங்கிட்ட வாங்கன்னீங்க. வந்து குந்திகினு இருந்தோம். நீங்கதான் இல்லீங்களே" என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் வேறு ஆளாகிவிட்டார். நோயாளிகளின் வீட்டுக்கே போன் செய்து மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பார். திட்டுவார். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது, "வெளிய யாராச்சும் இருக்காங்களா, பாரும்மா" என்பார். யாரும் இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார். தானே போய்க் காலிப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை, "அவரு உக்காந்திருந்தது இந்த ஓரமா, அந்த ஓரமா?" என்று கேட்டார். நானும் அன்று இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இறுதிச் சடங்குக்குப் பரிமளா வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் என் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு ஆத்திரத்துல பேசிட்டேங்க. அத மனசுல வச்சிகினு இருந்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரிடமிருந்து என்னிடம் வந்து தங்கிவிட்டது அவருடைய பயம். மாத்திரையை வாங்கிக்கொண்டு ஒருவர் திரும்பி நடக்கும்போது, அந்த முதுகைப் பார்த்ததும் அது வந்துவிடுகிறது. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு நிறுத்துகிறேன்.