மீட்டர் அக்காவின் வலது கால்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் மீட்டர். எக்ஸ்ரே பிரிவில் முப்பது வருஷ வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். காய்ச்சல் என்று நான் படுத்தால் நெற்றியில் கைவைக்க மாட்டாள், தெர்மாமீட்டரைத்தான் தேடுவாள். நான் தையல்காரி. அளவெடுத்து வெட்டினாலும் கை நீளம் கூடிவிடுவது உண்டு என்று பட்டுத் தெரிந்தவள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒத்துப்போவதுதான் அபூர்வம்.

போன ஞாயிறு அவளுடைய பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அக்காவுக்கென்று எழுதியவள் சோடாபுட்டி. "அடுத்த ஞாயிறு உங்க ஊர் வழியா போறேன். நாலு மணிக்கு வீட்டுக்கு வரேன், ஆறு மணிக்கு ரயில். உன் வலது கால் சௌக்கியமா?"

அக்கா வீடே அதிரக் கத்தினாள். "பாத்தியா! இன்னும் அதையே சொல்றா!"

சோடாபுட்டி ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். மூக்குக்கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர் அது. அவர்களுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, மாமா கொடுத்த கம்ப்யூட்டரில் இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதினார்கள். திரையில் இரண்டு பாம்புகள். ஆளுக்கொன்று. எதிராளியின் பாம்பை வளைத்து மடக்கினால் ஒரு புள்ளி, பத்து எடுத்தால் ஜெயம். பத்து வயதான நான் நோட்டில் புள்ளி எழுதுவேன்.

வம்பு என்னவென்றால், அக்கா தோற்கிற நேரமாகப் பார்த்துத் திரை இருண்டுவிடும். இரண்டு நாள் அப்படி ஆயிற்று. மூன்றாம் நாள் சோடாபுட்டி ஒன்பது, அக்கா ஆறு. மறுபடி இருட்டு. "நீதான் வலது காலால பவர் பெட்டியைத் தட்டினே" என்றாள் அவள். "பெட்டி சரியில்லடி" என்றாள் அக்கா. நான் குறுக்கே பாய்ந்தேன். "அக்கா தட்டவே இல்ல, நான்தான் சாட்சி!" சோடாபுட்டி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். பிறகு முப்பத்தாறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

"ஞாயித்துக்கிழமை முழு ஆட்டம் ஆடணும்" என்றாள் அக்கா. "நடுவுல நின்னுச்சுன்னா இந்த ஜென்மத்துல அவ என்னை நம்பமாட்டா."

பரணிலிருந்து கம்ப்யூட்டர் இறங்கியது. செங்கல் மாதிரி கனத்த பழைய பவர் பெட்டியை அதோடு இணைக்க அவள் துணியவில்லை. புதிதாக ஐந்து வோல்ட்டுக்கு ஒன்று, பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஒன்று என இரண்டு சின்ன பவர் சப்ளைகளை வாங்கி, என் ஊசிநூல் டப்பாவைக் காலிசெய்து அதற்குள் பொருத்தினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க ஈயம் உருகும் வாசனை. அவள் வாயில் பாட்டு வேறு! அவள் பாடி நான் கேட்டு எத்தனை வருஷமோ.

ஞாயிறு மூன்று மணி. தாளில் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பிளக்கின் ஐந்து முனைகளையும் ஈயத்தால் ஒட்டி, வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்து, "எல்லாம் சரி" என்றாள். அதைக் கம்ப்யூட்டரில் செருகப் போனாள்.

"இரு. இந்தப் படம் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றேன். துணியில் உள்பக்கம் தெரியாமல் கோடு போட்டால் இடது கை வலது கையாகிவிடும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

பழைய கையேட்டை இழுத்துப் பார்த்தோம். படத்தின் கீழே பொடி எழுத்தில், ஒட்டும் பக்கத்திலிருந்து பார்த்தது என்று இருந்தது. அக்கா அதைத் தாளில் இடம் வலம் மாற்றி வரைந்து, அதன்படி ஒட்டி, அதை வைத்தே சரியும் பார்த்திருக்கிறாள்.

"படத்துல இடது பக்கம் இருந்தா ஆளுக்கு அது வலதுதானே!" என்றாள், எக்ஸ்ரே பார்த்த பழக்கத்தில்.

"ஆளுக்குச் சரி. இது பிளக்குடி!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருந்தால் கம்ப்யூட்டர் அந்த நொடியே கருகியிருக்கும். அவசர அவசரமாகப் பிரித்து ஒட்டினாள். மூன்றே முக்காலுக்குச் சுவிட்சைப் போட்டாள். நீலத் திரை வந்தது! விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த கேசட் கீச்சிட்டுச் சுற்ற, இரண்டு பாம்புகளும் எட்டிப் பார்த்தன. இரண்டு கிழவிகளும் கட்டிக்கொண்டு குதித்தோம்.

சோடாபுட்டி வந்ததும் அக்கா ஆட்டத்தைத் தொடங்கவில்லை. பழைய பெட்டியில் ஒரு பல்பை மாட்டி, "கடிகாரத்தைப் பாரு" என்றாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். இருபத்திரண்டாம் நிமிஷம் பல்பு மங்கி அணைந்தது.

"சூடேறினா விட்டுடும். அதோட குணமே அதான்" என்றாள் அக்கா, ராணி மாதிரி.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்போ அன்னிக்கு என் கால்ல ஏதோ பட்ட மாதிரி இருந்தது என் பிரமையா? இத்தனை வருஷம் உன்னை அநியாயமா... மன்னிச்சுக்கடி."

நான் வெற்றியோடு அக்காவைப் பார்த்தேன். அவள் என் பழைய புள்ளி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் தொடங்கிய நேரம், நின்ற நேரம் எல்லாம் அதில் இருந்தது.

"முதல் நாள் இருபத்தோரு நிமிஷம். ரெண்டாம் நாள் இருபத்திமூணு" என்றாள். குரல் இறங்கியது. "மூணாம் நாள் ஒன்பதே நிமிஷம். பெட்டி சூடாகியே இருக்காது. நான்தான் தட்டினேன்."

"அடிப்பாவி!" என்று நானும் சோடாபுட்டியும் ஒரே நேரத்தில் கத்தினோம். முப்பத்தாறு வருஷம் இவளுக்காக நான் பொய்ச்சாட்சியாக வாழ்ந்திருக்கிறேன்! சோடாபுட்டி அவள் முதுகில் நாலு சாத்து சாத்தினாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சிரித்துச் சிரித்து அக்காவின் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

"ஒன்பதுக்கு ஆறுல இருந்தே ஆடுவோம்" என்றாள் அக்கா. யாரும் சொல்லாமலே இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டாள். நாலாவது நிமிஷம் சோடாபுட்டி பத்தாவது புள்ளியை எடுத்தாள். திரை அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

நான் நோட்டில் பத்துக்கு ஆறு என்று எழுதி, கீழே சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன்.