வட்டக்கச்சி மேகத்தில் உறையாத தண்ணீர்

காலை பத்து மணிக்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். வட்டக்கச்சிக்கு எண்பது கிலோமீற்றர் வரும். பின் சீற்றில் எங்கள் கடைசிப் பலூனும், அதில் கட்டி அனுப்பும் கருவியும். முதல் பலூன் நெடுங்கேணியில் பாலை மரத்தில் மாட்டிக் கிழிந்தது. இரண்டாவது மேகத்துக்குள் போனதும் பேச்சுமூச்சில்லை. "இதுவும் பிழைச்சால் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு வாரும், மலைநாட்டிலயே அளப்பம்" என்று கொழும்பிலிருந்து பேராசிரியர் சொல்லிவிட்டார். பிறந்த மண்ணில் என் ஆராய்ச்சி அத்தோடு சரி.

மேகத்தில் மழை விதைக்கலாமா என்று பார்ப்பவர்களுக்கு முதல் கேள்வி இதுதான்: பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத தண்ணீர் அதில் இருக்கிறதா? மற்ற நாட்டுக்காரர் மலையேறி அளப்பார்கள். வன்னியில் மலைக்கு எங்கே போவது? பலூன்தான். கருவியில் மெல்லிய கம்பி ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் பட்டதும் அதில் உறையும். பாரம் ஏற அதிர்வு குறையும்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் எந்த வாகனம் போகும்? சாரதி தேவண்ணை தேங்காய் உடைத்தார். நான் நூறு ரூபாவுக்குக் கச்சான் கடலை வாங்கினேன்.

பகல் இரண்டு மணி. இரணைமடுப் பக்கம் மேகம் கறுத்து எழும்பிக்கொண்டிருந்தது. வட்டக்கச்சி வயலில் இறங்கிக் கருவியை முடுக்கினால், கம்பியில் ஐஸ் என்கிறது கணினித் திரை! இந்த நெருப்பு வெயிலிலா? குனிந்து பார்த்தேன். கம்பியின் நடுவில் சந்தனம்.

"அண்ணை, இதென்ன?"

"முறிகண்டியில வைச்சனான் தங்கச்சி. புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் மேல விடலாமோ?"

"ஐயோ கடவுளே! வயித்தெரிச்சலைக் கிளப்பாதேங்கோ!"

அவர் முகம் செத்துப்போனது. வயல்காரி மணியக்கா இளஞ்சூட்டில் தண்ணியும் பஞ்சும் கொண்டுவந்தா. கம்பி அறுந்தால் கதை முடிந்தது. தேவண்ணை ஆடாமல் அசையாமல் பிடிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தேன். அதிர்வு வழிக்கு வந்தது. உடனே பலூனை விட்டோம்.

ஐந்து கிலோமீற்றர் உயரம். ஒன்றுமில்லை.

"என்ன பிள்ளை, தண்ணி இருக்கோ?"

"பொறுங்கோ அக்கா!"

ஆறு கிலோமீற்றர், மைனஸ் ஏழு பாகை. திரையில் கோடு சடாரென்று இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. உறையாத தண்ணீர்! எங்கள் மேகத்தில்! வயல் வரம்பில் நின்று குதித்தேன். தேவண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியே விட்டார்.

"அப்ப மழை பெய்விக்கலாமோ?" என்று கேட்டா மணியக்கா.

"அது இனித்தான் பார்க்கவேணும். ஆனால் அதுக்கு வேண்டிய தண்ணி மேல நிக்குது, அக்கா!"

திரையில் இறங்கிய கோட்டைப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பேராசிரியர் உடனே போன் எடுத்தார். "நீர் அங்கயே நில்லும். மலைநாட்டுக்கு வைச்சிருந்த பலூன் முழுக்க அங்க வருது."

பயணக் கட்டுரையென்றால் கடைசியில் ஊரைவிட்டுப் புறப்பட்டதைச் சொல்லவேண்டும். அதுக்கு நான் எங்கே போக? என் உடுப்புப் பையை மணியக்கா தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா.