மிச்சம் வைக்காதே என்றேன்

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, என் மகள் மாரிக்கு வந்த நோய் முதலில் ஒரு காப்பி டம்ளரில்தான் தெரிந்தது. காலையில் எழுந்து வந்தவள் கையிலிருந்து டம்ளர் தெறித்தது. நழுவவில்லை, யாரோ தட்டிவிட்டது போல இருந்தது.

"ஏட்டி, கையில பெலம் இல்லையா?" என்றாள் அவள் அம்மா.

"நான் எங்க போட்டேன்? அதுவா குதிக்குதும்மா."

சிரித்தோம். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை விழுந்தது.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறேன். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அது தானாகவே சூடேறும். எப்போது பற்றும் என்று சொல்ல முடியாது. அந்தப் பயம் வீட்டுக்கும் என்னோடு வரும்.

மாரிக்கு இரண்டு பேப்பர் அரியர் இருந்தது. புது செமஸ்டருக்கு ஆறு. எதை இப்போது எழுதலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்று அவளே ஒரு தாளில் போட்டுக் காட்டினாள்.

"மிச்சம் வைக்காதே தாயி. அம்புட்டையும் இந்தத் தடவையே தீத்துரு," என்றேன்.

தாளை மடித்துக்கொண்டாள். தூக்கம் நாலு மணி நேரமானது, பிறகு மூன்று.

பரீட்சைக்கு முந்தின வாரம், காலையில் செருப்பு மாட்டும்போது விழுந்தாள். பல் கிட்டி உடம்பு வெட்டி இழுத்தது. கையில் சாவியைத் திணித்தேன். அது தப்பு. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

விருதுநகரில் நரம்பு டாக்டர் இ.இ.ஜி. (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவது) எடுத்தார். வலிப்பு நோய் என்றார்.

"காலைல கை வெடுக்குனு வெட்டி இழுத்துச்சா?"

டம்ளரைச் சொன்னேன்.

"அதுதான் ஆரம்பம். உள்ள இருந்த நோய்தான். தூக்கம் கெட்டதும் வெளிய வந்திருச்சு. எத்தனை மணி நேரம் தூங்குறம்மா?"

"எட்டு பேப்பர் சார்," என்றாள் மாரி.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "ஏப்பா, ஒரு தடவைக்கு எம்புட்டு மருந்து கலப்பீக?"

"கொஞ்சம்தான். கூடக் கலந்தா ஆபத்து."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவள் மடித்துக்கொண்ட தாள் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

இப்போது செமஸ்டருக்கு நாலு பேப்பர். படிப்பு முடிய ஒரு வருடம் கூடும். இரண்டு வேளை மாத்திரை, முழுத் தூக்கம். அதன் பிறகு இழுப்பு வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லவில்லை.

பிள்ளைகளே, உங்களால் முடிந்ததை நீங்களே தாளில் போடுங்கள். அப்பா மாற்றச் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

மாரி இப்போது பாதி டம்ளர் காப்பிதான் கேட்கிறாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் விரல்களையே பார்த்து நிற்கிறேன். முன்பெல்லாம் கம்பெனி வாசலில்தான் எனக்கு அன்றைய பயம் தொடங்கும். இப்போது அவள் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வேலைக்குக் கிளம்புகிறேன்.