தாமதமாகத் திரும்பிய பின்பக்கம்

பள்ளியைப் பாதியில் விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்குச் சொந்தமென்று வாய்த்த முதல் பொருள், நான்கு கதவுள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். செலண்டார் ஊரின் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் வளைவுகளில் அதன் பின்பக்கம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இறுக்கமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தினால் சாலையோடு ஒட்டி ஓடும் என்றார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, டுரியான் துங்கால் ஊரில் தெரிந்த தம்பி ஒருவனின் பட்டறைக்குப் போனேன்.

வண்டியை மேலே தூக்கி, அடியில் தடிமனாகப் பூசியிருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டிய தம்பி சட்டென்று கையை நிறுத்தினான்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க லா. இது ஒரு காடி இல்ல. ரெண்டு காடி."

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, வண்டியின் குறுக்கே பற்றவைத்த தழும்பு ஓடியது. விபத்தில் நசுங்கிய இரண்டு கார்களின் நல்ல பாதிகளை வெட்டி ஒட்டி என்னிடம் விற்றிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒட்டு விட்டிருந்தது. என் நகம் உள்ளே நுழைந்தது.

"இறுக்கமான ஸ்பிரிங் போட்டு வேகமா திருப்பியிருந்தா, ரெண்டா போயிருக்கும்ணே."

மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ நீங்க ஒரு காடியிலயும், நானும் பாப்பாவும் இன்னொரு காடியிலயுமா வந்தோம்?"

தம்பி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள். வண்டியை இறக்கட்டுமா என்று தம்பி கேட்டான். நானும் அவள் பின்னால் ஓடினேன்.