கை படாமல் கழற்றுவது எப்படி

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தவசிமுத்துவைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. போன வாரம் எங்கள் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றார். கழுத்து நிறைய மாலையோடு பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். ‘தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவர்’ என்று கீழே ஒரு வரி. அதைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

தவசிமுத்து ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தவன். ஆள் குள்ளம், கை மட்டும் நீளம். நானும் அவனும் திருவொற்றியூர் சாலையில் ஒரு பீப்பாய்க் கம்பெனியில் வேலை செய்தோம். கம்பெனிக்கென்று சொந்தத் தண்டவாளம், ஒரு கிழட்டு இன்ஜின், நாற்பது வேகன். வேகன்களை மாட்டவும் கழற்றவும் எட்டுப் பேர். தவசி எங்கள் எட்டுப் பேருக்கும் மேஸ்திரி.

வேலை சுலபமாகத்தான் தெரியும். இரண்டு வேகனுக்கு நடுவே ஒரு கொக்கி, அதில் மாட்டிய இரும்புச் சங்கிலி. குனிந்து உள்ளே புகுந்து, சங்கிலியைக் கையால் தூக்கி, கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். வந்ததும் வேகன் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. இன்ஜின் டிரைவருக்கு நாங்கள் கண்ணில் பட மாட்டோம். அதனால் தவசி வளைவில் நிற்பான். தட்டுச் சத்தம் கேட்டாலும் அவன் நம்ப மாட்டான். ஆள் வெளியே நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பச்சைத் துணியை ஆட்டுவான். அவன் நின்ற ஆறு வருஷத்தில் எங்களில் ஒருவனுக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

அப்படியும் அவனுக்கு நிம்மதி இல்லை. ஒரு மூங்கில் கழியின் நுனியில் இரும்புக் கொக்கி அடித்துக்கொண்டு வந்தான். வெளியே நின்றபடியே சங்கிலியைத் தூக்கிக் காட்டினான். யாரும் உள்ளே புக வேண்டியதே இல்லை. மேனேஜரிடம் போய், “சார், இந்த மாதிரி எட்டு கழி குட்த்தீங்கன்னா போதும், ஆளுங்க உள்ள பூரவே வாணாம்” என்றான்.

மேனேஜர் கழியைப் பார்க்கவில்லை, நுனியிலிருந்த இரும்பைத்தான் பார்த்தார். “இது கம்பெனி இரும்பு இல்லையா?” என்று கேட்டார். குப்பையில் கிடந்த துண்டு அது. கழியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். திருட்டு என்று எழுதி, தவசியிடம் கைநாட்டும் வாங்கினார். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதையும் அவர் கேட்கவில்லை.

இது நடந்தது ஐம்பத்தொன்றில். அடுத்த வருஷம் அதே மேனேஜர் அதே தவசியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது தன் பொம்மை ரயிலை இவருக்கு விட்டுப் போயிருந்தார். மாடி அறையில் மேஜை போட்டு அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், விரல் நீள வேகன்கள். ஓட்டுவது சரி, வேகனைக் கழற்றுவதுதான் அவருக்குத் தொல்லை. ஒவ்வொரு தடவையும் விரலால் தூக்க வேண்டியிருக்கிறதாம். சீமையில் அதற்கென்று ஒரு சாமான் விற்கிறது, வரவழைத்தால் கொள்ளை விலை. “கை படாமல் கழறணும், செலவும் ஆகக் கூடாது” என்றார். எங்கள் கைகளைப் பற்றி ஒரு நாள் யோசிக்காத மனுஷன், தன் விரலுக்காக இப்படி உருகினார்.

தவசி ஏன் ஒப்புக்கொண்டான் என்று நான் சண்டை போட்டேன். “இத்த செஞ்சி குட்த்தா கழி கேட்டு வாங்கிடலாம் மாமு” என்றான். அவ்வளவு அப்பாவி.

முதலில் குடைக்கம்பியின் நுனியை வளைத்து, மேலேயிருந்து கொக்கியைத் தூக்கும்படி செய்தான். மேனேஜருக்குக் கை நடுங்கி வேகன்கள் கவிழ்ந்தன. அப்புறம் பொம்மைக் கொக்கிக்கு அடியில் சின்ன வால் தொங்குவதைக் கவனித்தான். பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு கீற்று வெட்டி, தண்டவாளத்துக்கு நடுவே மேடாக வளைத்து ஒட்டினான். வால் மேட்டில் ஏறியது, கொக்கி எழுந்தது, வேகன் கழன்றது. ஆனால் மேட்டைத் தாண்டிய எல்லா வேகனும் கழன்றது. கடைசியில் கீற்றின் நடுவே நூல் கட்டி, மேஜையில் ஓட்டை போட்டு, நூலைக் கீழே இழுத்தான். கோயிலில் உடைந்து கிடந்த ஒரு பிடிலின் முறுக்குச் சாவியை மேஜைக்கு அடியில் பொருத்தி, அதில் நூலைச் சுற்றினான். சாவியை இறுக்கினால் கீற்று படுத்துக்கொள்ளும், ரயில் தாராளமாகப் போகும். தளர்த்தினால் மேடு எழும்பும், நின்ற வேகன் தனியாகிவிடும். மூன்றணாகூடச் செலவில்லை.

இதற்காக அவனை வேலை நேரத்திலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள். வளைவில் நிற்க வேறு ஆள் போடவில்லை.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. நான் உள்ளே புகுந்து சங்கிலியில் கை வைத்திருந்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் எங்கள் எட்டுப் பேரில் ஒருவனான சின்னப்பையன் தன் வேகனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினான். பச்சைத் துணி ஆட்ட ஆளில்லாத டிரைவர், நான்தான் தட்டினேன் என்று நினைத்து இன்ஜினை இழுத்தார். சங்கிலி விறைத்தது. என் வலது கை கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் இருந்தது. சின்னப்பையன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவன் தட்ட வேண்டிய தட்டைத்தான் தட்டினான்.

அதே நேரத்தில் பங்களா மாடியில் தவசி சாவியைத் தளர்த்த, முதல் வேகன் கை படாமல் கழன்றதாம். மேனேஜர் குழந்தை மாதிரி கை தட்டினாராம். பிறகு என் படுக்கையோரம் உட்கார்ந்து தவசி இதைச் சொன்னபோது நான் எழுந்து அவனை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கிற கைதான் இல்லை. அவன் அழவில்லை. “நான் அங்க நின்னுகினு இருந்திருக்கணும்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

கம்பெனியிலிருந்து கமால் என்று என் பெயர் போட்டு ஒரு காகிதம் வந்தது. என் கவனக்குறைவாம். வேலையும் போயிற்று.

மறு வார ஞாயிறு மேனேஜர் வீட்டில் விருந்து. கை படாமல் கழலும் ரயிலைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமையே தவசி மேஜைக்கு அடியில் நுழைந்து பிடில் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கீற்று எழும்பியே நின்றது. மேனேஜர் எந்த ரயிலை ஓட்டினாலும் அந்த இடத்தில் துண்டு துண்டாகிப் போனது. தவசியை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“எட்டு கழி வர்ட்டும் சார். சாவி வரும்” என்றான் தவசி.

மேஜைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் மேனேஜரே ஓர் ஆணி அடித்து நூலைக் கட்டியிருக்கலாம். குனிந்து அவருக்குப் பழக்கமில்லை. குனிவதற்கென்று எங்களை வைத்திருந்தார். கத்தினார், போலீஸ் என்றார், கடைசியில் ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார். ஒரு வருஷமாக வராத கழிகள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிட்டன, பளபளவென்று வார்னிஷ் பூசி.

தவசி எண்ணிப் பார்த்தான். ஏழு இருந்தது.

“எட்டாவது எங்க?” என்றான்.

ஸ்டோர் குமாஸ்தா சீட்டைத் திருப்பிக் காட்டினார். கீழே மேனேஜர் கையெழுத்து. “கரீட்டாத்தான் போட்டுகீறாரு. கமாலு பேர அட்ச்சாச்சே. ஏழு பேர்தானே கீறாங்கோ?”

தவசி ஏழு கழியையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். பங்களாவுக்குப் போகவில்லை. தண்டையார்ப்பேட்டைக்கு நடந்து என் வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி, சாவியை என் இடது கையில் வைத்து மூடினான். திங்கட்கிழமை அவன் பெயரையும் அடித்தார்கள். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.